ரூலாண்டின் இடது கண்

ஈயை அடிக்கக்கூட யோசிப்பவன் நான், அய்யா. அடித்துவிட்டால் அப்புறம் அதைப் பார்த்து எப்படி வரைவது?

கம்பளி வியாபாரி ரூலாண்ட் கோயிலுக்கு ஒரு படம் கொடுக்க ஆசைப்பட்டார். மாதாவின் காலடியில் அவரும் முழந்தாளிட்டிருக்க வேண்டும். எங்கள் புரூஜ் நகரில் வசதியுள்ளவர்கள் சொர்க்கத்தில் துண்டு போட்டு இடம் பிடிப்பது இப்படித்தான். முகத்தை வெள்ளி ஊசியால் தாளில் ஒரே தடவை வரைந்து, நிறங்களை ஓரத்தில் குறித்துக்கொள்வோம். அதற்கப்புறம் ஆள் தேவையில்லை. எண்ணெய்ச் சாயம் பூச்சுக்குப் பூச்சு காய மாதக்கணக்காகும்.

அவர் வந்து உட்கார்ந்தது, வியாபாரிகள் விருந்தில் மூக்குமுட்டக் குடித்ததற்கு மறுநாள் காலை. கண்டதைக் குறித்தேன். கண்ணில் மஞ்சள், உதட்டில் சாம்பல், கண்ணுக்குக் கீழே பை. ஒவ்வொரு நரம்பையும் அப்படியே தீட்டினேன்.

முடிந்த படத்தைப் பார்க்க வந்தபோது மனிதர் ஆப்பிள் பழம் மாதிரி இருந்தார்.

“யோவ் லீவன், யாருய்யா இது? பாடையில கெடக்குறவன் மாதிரி இருக்கான்.”

“விடுங்க, கல்லறைக்கு ஆகும்” என்று அவர் மனைவி லிஸ்பெட் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள்.

கூட வந்திருந்த எங்கள் ஓவியர் சங்கத் தலைவர் சிரிக்கவில்லை. “ஈஸ்டருக்குள்ள படமும் ஆளும் ஒத்துப்போகணும். இல்லேன்னா இந்த ஊர்ல நீ தூரிகையத் தொட முடியாது, பாத்துக்க.”

எனக்கு உடம்பெல்லாம் எரிந்தது. கண்டதைத்தானே வரைந்தேன்? படம் சரி. தப்பு ரூலாண்டிடம் இருந்தது.

மன்னிப்புக் கேட்கிற சாக்கில் வாராவாரம் மசாலா ஒயின் கொண்டுபோனேன். அதில் கொஞ்சம் மஞ்சள் அரிதாரம், மாதாவின் அங்கிக் கரைக்கு நான் அரைத்து வைத்திருந்த அதே பாஷாணம். அவசரப்படவில்லை. பூச்சுக்குப் பூச்சு காத்திருந்து பழகியவன் நான். கண் மஞ்சளித்தது. பையும் தொங்கியது.

“உன் ஒயின் மட்டுந்தான்யா தொண்டையில எறங்குது” என்று ரூலாண்ட் என் கையைப் பிடித்துக்கொண்டார். நெகிழ்ந்துபோனேன்.

ஈஸ்டருக்கு முன்பு தலைவர் படத்தையும் ஆளையும் மாறி மாறிப் பார்த்தார். “அட, அச்சு அசல்” என்றார். அன்றோடு ஒயினை நிறுத்திவிட்டேன். அதற்குப் பிறகு அவர் செத்தது அவருடைய அவசரம்.

பெட்டியில் கிடத்தியிருந்தபோது எட்டிப் பார்த்தேன். இடது இமை படத்தில் இருப்பதைவிடச் சற்று அதிகமாகச் சரிந்திருந்தது. அன்றே கோயிலுக்குப் போய்ப் படத்தில் திருத்திவிட்டேன். பொய்யாக ஒரு கோட்டை விட்டுவைக்க எனக்கு மனசு வராது.