லண்டனைச் சுற்றியவன்

றலி சைக்கிளைப்போல இன்னொரு சைக்கிள் பிறகு வரவேயில்லை. உங்கள் மலருக்கு இது தேவைப்படாது என்று நினைப்பீர்கள். அந்தக் காலத்தில் லண்டன் வானொலி கேட்டவர்களின் இனிய நினைவுகளைத் தொகுக்கிறோம், அரைப் பக்கம் போதும் என்று சொல்லித்தான் வந்திருக்கிறீர்கள். என் நினைவு சைக்கிளில்தான் தொடங்குகிறது. அரைப் பக்கத்தில் அடங்குமா தெரியாது. இனியதா என்பதை நீங்களே பார்த்துக்கொள்ளுங்கள். அந்தக் கருவி பதிகிறதுதானே? நல்லது.

யாழ்ப்பாணத்தில், குருநகரில் நாங்கள் அதை வானொலி என்று சொன்னதில்லை. லண்டன் என்றுதான் சொல்வோம். லண்டன் சொல்லிவிட்டதா, லண்டன் இன்னும் சொல்லவில்லையா, இப்படித்தான் பேச்சு. தொண்ணூறுகளின் தொடக்கத்தில் மின்சாரமும் இல்லை, பற்றரியும் உள்ளே வரத் தடை. சைக்கிளைத் தலைகீழாக நிறுத்தி, பின்சில்லில் டைனமோவை அழுத்தி, அதிலிருந்து வயர் இழுத்து ரேடியோவில் கொடுப்போம். ஒருவர் பெடலைக் கையால் சுற்ற, மற்றவர்கள் கேட்பார்கள். நீக்கிலாப்பிள்ளை மாஸ்டர் வீட்டில் அந்த ஒருவர் நான். பொடியன் என்று நினைக்கவேண்டாம். கலியாணம் முடித்தவன், மீசை வைத்தவன்.

சுற்றுகிறவனுக்குச் செய்தி கேட்காது. உங்கள் மலரில் எழுதப்போகிற வேறு யாரும் இதை எழுதமாட்டார்கள், ஏனென்றால் அவர்கள் எல்லோரும் கேட்டவர்கள். சங்கிலி காதுக்குள் கறகறத்துக்கொண்டே இருக்கும். சுற்றி இருக்கிறவர்களின் முகத்தைப் பார்த்துத்தான் எங்கே குண்டு விழுந்தது என்று நான் மட்டுக்கட்டுவேன். கை தளர்ந்தால் லண்டனின் தொண்டை அடைக்கும். மாஸ்டர் திரும்பிப் பார்க்காமலே சொல்வார்.

"அருமைநாதன், ஒரே சீராச் சுத்தும். லண்டனுக்கு இழுக்குது."

எல்லோரும் சிரிப்பார்கள். நானும் சிரித்திருக்கிறேன். அதே நேரம் ஒன்றை விளங்கிக்கொண்டேன். லண்டனின் குரல் லண்டனில் இல்லை, என் மணிக்கட்டில் இருக்கிறது.

பிறகு எல்லோரும் ஒவ்வொரு வழியாகக் கனடாவுக்கு, இந்த மொன்றியலுக்கு வந்து சேர்ந்தோம். நான் லாசாலில் அட்டைப்பெட்டித் தொழிற்சாலையில் வேலை. மாஸ்டரும் அவர் மனைவி செலீன் அக்காவும் கோட்-டெ-நெய்ஜில் மூன்றாம் மாடி. மாஸ்டர் லண்டன் வானொலியில் பழகிய ஆங்கிலத்தை இந்த நகரத்தில் இறக்கிப் பார்த்தார். பஸ் சாரதிக்கு நாடக நடிகரைப்போல மாலை வணக்கம் சொல்வார். சாரதி பிரெஞ்சில் 'பொன்சூர்' என்று சொல்லிவிட்டுக் கதவை மூடுவான். அதனாலெல்லாம் மாஸ்டர் குறைந்துபோகவில்லை. மாதா கோயில் மண்டபத்தில், பூசை முடிந்த கையோடு, லண்டன் இந்தக் கிழமை சொன்னதைச் சனத்துக்கு விளக்குவார். லண்டன் சொல்லாததையும் விளக்குவார்.

ஒரு திருநாள் அன்று பழைய நேயர் என்று அவருக்குப் பொன்னாடை போர்த்தினார்கள். அவர் பேசினார். "அந்த நாளையிலை சைக்கிளை நானே சுத்தி, நானே கேட்டு, ஊருக்குச் சொன்னனான்." மண்டபம் கை தட்டியது. நான் கதிரையை விட்டு எழும்பினேன். "மாஸ்டர், சுத்தினது நானெல்லோ?"

அவர் கண்ணாடிக்கு மேலால் பார்த்தார். "ஓமோம். நீரும் ஒருநாள் ரெண்டுநாள் சுத்தினீர்தான். பேந்து பெடலைப் பிடிச்சபடி நித்திரையாப் போட்டீர்."

மண்டபம் குலுங்கிச் சிரித்தது. நல்ல பகிடிதான். சொன்ன நேரமும் சரி, நிறுத்திய இடமும் சரி. பகிடி என் துறை. நத்தார் விழாவில் குரல் மாற்றிப் பேசி ஆட்களைச் சிரிக்கவைக்கிறவன் நான். ஆகவே மதிப்போடுதான் சொல்கிறேன்.

மாஸ்டருக்குக் கம்ப்யூட்டர் ஒத்துவராது. மொன்றியலில் சிற்றலையும் சரியாகப் பிடிபடாது. லண்டன் ஒலிபரப்பை இணையத்திலிருந்து எடுத்து, கசெற்றில் பதிந்து, சனிக்கிழமைகளில் அவரிடம் கொண்டுபோய்க் கொடுத்தவன் நான்தான். ஆம், அதற்குப் பிறகும் கொடுத்தேன். லண்டனை இன்னும் நான்தான் சுற்றிக்கொண்டிருந்தேன். ஒரு கசெற்றில், செய்தி வாசிப்பவரின் குரலில், நானே ஒரு துண்டைச் சேர்த்தேன். கனடா நேயர் நீக்கிலாப்பிள்ளையின் கடிதம் கிடைத்தது, அவருடைய தமிழ் எங்கள் அலுவலகத்தையே வெட்கப்பட வைத்தது என்று. மாஸ்டர் அதை மண்டபத்தில் போட்டுக் காட்டினார். திரும்பவும் போட்டுக் காட்டினார். இதில் யாருக்கு என்ன நட்டம்?

பழைய நேயர்கள் ஒன்றுகூடல் ஒரு ஞாயிறுக்கு வைத்திருந்தார்கள். அதே குரலில் அதே வசனத்தை மேடையில் நான் வாசித்து, அந்த லண்டன் நான்தான் என்று காட்டுவது திட்டம். ஆனால் யோசித்துப் பார்க்க, கடிதம் மட்டும் போதாது என்று பட்டது. சனம் பாவம் பார்க்கும். ஒரு மனிதனின் காற்றை இறக்குவதென்றால், அவர் எதில் மிக நிச்சயமாகப் பேசுகிறாரோ அங்கேதான் ஊசி குத்தவேண்டும். தொழில் தெரிந்தவர்கள் அப்படித்தான் செய்வார்கள்.

அந்தக் கிழமை நான் மாஸ்டர் வீட்டில் இருக்கும்போது அவருடைய மகள் அஞ்சலீனா மன்னாரிலிருந்து அழைத்தாள். அங்கே முடித்துக் கொடுத்த பிள்ளை. சண்டை அவர்களுடைய பக்கம் நெருங்கிக்கொண்டிருந்தது. அவளும் புருஷனும் இரண்டு பிள்ளைகளும் கோயில் பள்ளிக்கூடத்தில் தங்கியிருந்தார்கள். இராமேஸ்வரம் பக்கம் ஒரு வள்ளம் போகிறதாம், ஏறுவதா இருப்பதா என்று கேட்டாள். தொலைபேசியைச் சத்தமாக விட்டிருந்தார்கள். நான் செலீன் அக்கா தந்த வாய்ப்பனைச் சாப்பிட்டுக்கொண்டு கேட்டேன்.

"இஞ்சை பற்றரி இல்லை அப்பா. லண்டன் என்ன சொல்லுது?"

"பொறு பிள்ளை. சனிக்கிழமை அருமை கசெற் கொண்டருவார். லண்டன் சொல்லட்டும், பேந்து சொல்லுறன்."

செலீன் அக்கா மட்டும் முணுமுணுத்தாள். "லண்டனே வந்து வள்ளம் ஓட்டப்போகுது? பிள்ளையை ஏறச் சொல்லுங்கோ." மாஸ்டர் கையைக் காட்டி அவளை அடக்கினார்.

அன்றைக்கே வீட்டுக்குப் போய்ப் பதிந்தேன். மன்னார்க் கரையோரத்துக் கோயில்களையும் பள்ளிக்கூடங்களையும் இரு தரப்பும் தாக்குவதில்லை என உறுதியளித்துள்ளன, மக்கள் அங்கேயே தங்கியிருப்பது பாதுகாப்பானது எனத் தெரிவிக்கப்படுகிறது. 'தெரிவிக்கப்படுகிறது' என்ற இடத்தில் குரலைக் கொஞ்சம் தாழ்த்தினேன். லண்டன் அப்படித்தான் தாழ்த்தும். வேண்டுமானால் இப்போதும் வாசித்துக் காட்டுவேன்.

அதன் பின்னால் ஒரு கணக்கு இருந்தது. சனிக்கிழமை மாஸ்டர் கேட்பார். ஞாயிறு நான் மேடையில் உடைப்பேன். சனம் சிரிக்கும். மாஸ்டர் வீட்டுக்குப் போய் மகளுக்கு மாற்றிச் சொல்வார். எல்லாம் ஒரு நாள் சமாச்சாரம்.

சனிக்கிழமை அவர் சொன்னதை என் காதாலேயே கேட்டேன். "லண்டனே சொல்லிப்போட்டுது பிள்ளை. பள்ளிக்கூடத்தை விட்டு அசையாதை." செலீன் அக்கா சிலுவை போட்டுக்கொண்டாள். என் கையைப் பிடித்து, "தம்பி, நீ நல்லா இருப்பாய்" என்று சொன்னாள்.

ஞாயிறு பனி கொட்டியது. அந்த வருடப் பனியை இந்த நகரத்தில் யாரும் மறக்கமாட்டார்கள். மண்டபத்து வாசலே தெரியவில்லை. ஒன்றுகூடலை அடுத்த ஞாயிறுக்குத் தள்ளிவைத்தார்கள்.

தொலைபேசி எடுத்துச் சொல்லியிருக்கலாமே என்று உங்கள் முகம் கேட்கிறது. முகம் பார்த்துச் செய்தி அறிகிறவன் நான். சொல்லியிருக்கலாம். தொலைபேசி கட்டில் தலைமாட்டில்தான் இருந்தது. ஆனால் தொலைபேசியில் சொன்னால் அது பகிடி இல்லை, வெறும் மன்னிப்பு. கேட்க ஒரு மண்டபம் வேண்டும். ஒரு கிழமைதானே என்று இருந்தேன். கண்ணாடிக்கு முன் நின்று வாசித்துப் பழகினேன். பனியை வாரி ஒதுக்கினேன், வேலைக்குப் போனேன், நன்றாகத் தூங்கினேன். வள்ளம் அந்தக் கிழமைதான் போனது. கரை சேர்ந்தது என்று பிறகு கேள்விப்பட்டேன்.

ஷெல் பள்ளிக்கூடத்தின் நடுவில் விழுந்தது. அஞ்சலீனாவும் சின்னவளும் அந்த இடத்திலேயே முடிந்தார்கள்.

அடுத்த ஞாயிறு மண்டபம் நிரம்பித்தான் இருந்தது. செபம் சொன்னார்கள். என் நிகழ்ச்சி நடக்கவில்லை. அதைப் பற்றி ஒருவரும் என்னிடம் ஒரு வார்த்தை கேட்கவுமில்லை.

மாஸ்டர் அந்தக் கசெற்றை வைத்திருக்கிறார். தினமும் போட்டுக் கேட்கிறார். லண்டன் பிழை சொல்லாது, தன் காதுதான் எங்கேயோ பிழைத்திருக்கிறது, அந்த இடத்தைக் கண்டுபிடிக்கவேண்டும் என்கிறார். சில நாட்களில் நானும் பக்கத்தில் இருந்து கேட்பேன். குரலில் ஒரு குறையும் இல்லை. யாராலும் கண்டுபிடிக்க முடியாது.

ஆம், செய்தது நான். இதைச் சொல்லத்தான் உங்களை வரச்சொன்னேன். ஆனால் இன்னொன்றையும் போடவேண்டும். செபம் முடிந்து வெளிக்கிடும்போது மாஸ்டர் என் தோளைப் பிடித்துக்கொண்டு, எல்லாருக்கும் கேட்கச் சொன்னார்.

"சைக்கிள் சுத்தினது இவர்தான். நான் சும்மா இருந்து கேட்டனான்."

நான் கேட்டது அவ்வளவுதான். அதை அவர் அந்தத் திருநாளிலேயே சொல்லியிருந்தால், பிள்ளை வள்ளத்தில் ஏறியிருப்பாள். ஆகவே குற்றவாளியின் பெயரைப் போடும்போது கவனமாகப் போடுங்கள். நீக்கிலாப்பிள்ளை. எழுத்துப்பிழை விட்டால் மாஸ்டருக்குப் பிடிக்காது.