தீர்த்தகிரி மண்ணுக்கு வந்த விதம்

காப்பி ஆறுகிறது, குடியுங்கள். பட்டணத்துப் பத்திரிகைக்காரர் என்பதால் சர்க்கரையை அள்ளிப் போட்டுவிட்டேன், தித்தித்தால் சொல்லுங்கள்.

படம் வரைந்துகொண்டிருந்தவர் இவ்வளவு பெரிய மண் உருவங்களுக்கு ஏன் வந்தார் என்று என் வீட்டுக்காரரிடம் கேட்டீர்கள். "கண்ணு போனது சாமி காட்டுன வழிங்க" என்றார். நீங்களும் தலையை ஆட்டி எழுதிக்கொண்டீர்கள். பாவம், சாமியை வீணாக இழுக்கிறார். நடந்ததை நான் சொல்கிறேன். நீங்கள் அச்சடித்தாலும் பரவாயில்லை. அவருக்கு வாசித்துக் காட்டப்போவது நான்தானே.

அப்போது தீர்த்தகிரி என்றால் பாப்பாரப்பட்டி டூரிங் டாக்கீஸுக்கு பேனர் வரைகிறவர். நடிகை முகம் கிடைத்துவிட்டால் மனிதருக்குச் சோறு தண்ணீர் வேண்டாம். இமையை ஒவ்வொரு மயிராக எழுதுவார். கைப்பிள்ளையோடு நான் சோற்றுத் தட்டை நீட்டிக்கொண்டு நிற்பேன். எனக்கும் ஒரு முகம் இருக்கத்தானே செய்தது? அறுபத்தாறில் மெட்ராஸ் பேனர் கம்பெனி ஒன்றிலிருந்து கூப்பிட்டார்கள். மனிதருக்குக் கால் தரையில் பாவவில்லை.

"நீ இங்கியே இரு சென்னம்மா. போயி ஆளனுப்பறேன்" என்றார்.

ஆளனுப்புவாராம்! எனக்கு வயிறு பற்றி எரிந்தது.

அந்த வாரமே அவருக்குக் கண்வலி வந்தது. எங்கள் பக்கம் கண்வலிக்குத் தாய்ப்பால் விடுவோம். பிள்ளை பெற்றவள் வீட்டிலேயே இருக்கும்போது வைத்தியர் எதற்கு? என் மடியில் தலை வைத்துக் கண்ணைத் திறந்து காட்டினார். கொல்லையில் எருக்கு நிறைய இருந்தது. அதன் பாலும் வெள்ளை, என் பாலும் வெள்ளை.

"எரியுது சென்னம்மா."

"மருந்துன்னா எரியாதுங்களா? செத்த பொறுத்துக்குங்க."

பொறுத்துக்கொண்டார். தங்கமான மனிதர். இரண்டு கண்ணிலும் பூ விழுகிற வரை விட்டேன். ஊரே அழுதது. நானும் அழுதேன், பொய்யில்லை.

சும்மா இருந்தால் நொந்துபோவாரே என்று நான்தான் அவரை மண்வேலைக்குக் கூட்டிப்போனேன். பாரதக் கூத்து முடிகிற அன்று பீமன் தொடையில் அடிப்பதற்காக மண்ணில் பிடித்துத் தரையில் படுக்க வைப்பார்களே, அந்தத் துரியோதனன். மண்ணைத் தொட்டதும் அவர் விரலுக்கு உயிர் வந்துவிட்டது. இன்று கடத்தூரில் கூப்பிடுகிறார்கள், பாலக்கோட்டிலிருந்து டிராக்டர் வருகிறது. தென்னை மர நீளத்துக்குச் செய்கிறார். நெஞ்சின் மேல் ஏறி உட்கார்ந்து மீசை திருத்துவார். நான் கீழே நின்று, "இன்னுங் கொஞ்சம் எடப்பக்கங்க" என்பேன். எனக்குச் சிரிப்புத் தாங்காது. இப்போது இமை எழுதுகிற வேலை கிடையாது. பொழுதுக்கும் "சென்னம்மா, சென்னம்மா" என்று என் பெயர்தான். இவரை இவ்வளவு பெரிய கலைஞர் ஆக்கியது யார் என்று நீங்களே யோசித்து எழுதுங்கள்.

போன மாதம் தர்மபுரியில் கண் முகாம் போட்டார்கள். டாக்டர் என்னை மட்டும் தனியாகக் கூப்பிட்டு, இடது கண்ணுக்கு ஆபரேஷன் செய்தால் பார்வை வந்துவிடும் என்றார். நல்ல பிள்ளை, அவருக்கே அவ்வளவு சந்தோஷம். நான் பெஞ்சுக்குத் திரும்பினேன்.

"டாக்டரு என்னா சொன்னாரு? உன் மொவத்த ஒரு தடவ பாக்க முடியுமா சென்னம்மா?"

எனக்குக் கண்ணில் தண்ணீர் முட்டிக்கொண்டது. இதைக் கேட்கத்தானே இத்தனை வருஷம் காத்திருந்தேன். ஆனால் பார்வை வந்தால் என் முகத்தோடு நிறுத்திக்கொள்வாரா?

"ஒண்ணும் பண்ண முடியாதாங்க" என்றேன்.

கையைப் பிடித்து பஸ் ஏற்றினேன். காற்று வரட்டும் என்று சன்னலோரம் உட்கார வைத்தேன். கட்டிய நாளிலிருந்து அவருக்கு நான் ஒரு குறையும் வைத்ததில்லை.