சோளம் நட்ட பாத்தியில் போஞ்சி

சோளம் முழங்கால் உயரத்துக்கு வந்த பிறகுதான் அதன் பக்கத்தில் போஞ்சி விதை போட வேண்டும், ஐயா. முந்திப் போட்டால் எல்லாம் கெட்டது. போஞ்சி விறுவிறுவென்று ஓடுகிற கொடி. சோளத்தண்டு முற்றுவதற்குள் அதன் மேல் ஏறி, சுற்றிப் பிடித்து, தன் பாரத்தாலேயே அதைச் சாய்த்துவிடும். இது சுதர்ஷினிக்கும் தெரியும். நான்தான் அவளுக்குச் சொல்லிக்கொடுத்தேன்.

நீங்கள் கேட்டது அந்தச் சிவப்புத் துணியைப் பற்றி மட்டும்தான். ஆனால் துணியிலிருந்து ஆரம்பித்தால் உங்களுக்கு ஒன்றும் விளங்காது, என்னைப் பைத்தியக்காரி என்று நினைத்துக்கொண்டு போய்விடுவீர்கள். தேத்தண்ணி ஆறுகிறது, குடித்துக்கொண்டே கேளுங்கள். நான் எதையும் மறைக்கப்போவதில்லை.

பிறந்ததிலிருந்து இந்தத் தோட்டத்தில்தான் இருக்கிறேன். விவரம் தெரிந்த நாளிலிருந்து கொழுந்து பறிக்கிறேன். இந்த மலை முழுக்க என் கை படாத தேயிலைச் செடி இருக்காது. ஆனால் எனக்கென்று சொல்ல ஒரு செடி கிடையாது. நான் இருக்கிற இந்த ஒற்றை அறைக் காம்பராகூட என்னுடையது இல்லை. என் புருஷன் கொழும்புக்கு வேலைக்குப் போய், அங்கேயே வேறு குடித்தனம் வைத்துக்கொண்டார். அதற்குப் பிறகு எனக்கு மிஞ்சியது காம்பராவுக்குப் பின்னால் இருக்கிற இந்த நாலு பாத்தி. இந்த வரிசை வீட்டு லயத்தில் எல்லோரும் இதை ‘வடிவு தோட்டம்’ என்பார்கள். சண்முகவடிவு என்ற முழுப்பெயரை யார் சொல்லப்போகிறார்கள்? வடிவு தோட்டம் என்று சொன்னால் எனக்குப் போதும்.

சுதர்ஷினி அடுத்த காம்பரா. அவள் வீட்டுப் பின்பக்கம் வெறும் பாறை. ஒரு நாள் நுவரெலியாவிலிருந்து யாரோ ஒரு பெண்பிள்ளை வந்து, சோளத்தையும் போஞ்சியையும் ஒரே பாத்தியில் போடச் சொல்லிக்கொடுத்தது. சோளம் போஞ்சிக்குக் கொம்பாக நிற்கும், போஞ்சி சோளத்தின் வேருக்கு உரம் கொடுக்கும், அடியில் பூசணி படர்ந்தால் களை வராது. எனக்குப் பிடித்துப்போனது. சுதர்ஷினியும் பாவம், பாறையைப் பார்த்துக்கொண்டு நிற்கிறாளே என்று, “நான் சோளம் போடுறேன், நீ போஞ்சி போட்டுக்க” என்று நானேதான் கூப்பிட்டேன். இதை நீங்கள் மறக்கக்கூடாது. நானேதான் கூப்பிட்டேன்.

முதல் தடவை நன்றாகத்தான் வந்தது. அடுத்த தடவை சோளம் போட்ட கையோடு, என் தங்கச்சி மகள் கல்யாணத்துக்காகப் பூண்டுலோயாவுக்குப் போனேன். திரும்பி வந்து பார்த்தால் சோளமும் போஞ்சியும் ஒன்றாகத் தலை நீட்டிக்கொண்டிருக்கின்றன.

“ஏண்டி, முழங்கா அளவு வரட்டும்னு சொன்னேனா இல்லையா?” என்று கேட்டேன்.

“மழ விட்டுரும்னு பயந்து போட்டுட்டேங்க்கா. அதெல்லாம் ஒண்ணும் ஆகாது. நீங்க சும்மா கவலப்படாதீங்க” என்று சிரித்தாள்.

அவளுக்கு எதற்கெடுத்தாலும் எனக்குச் சொல்லிக்கொடுக்கிற பழக்கம் உண்டு. அக்கா, சுடுதண்ணி குடிங்க. அக்கா, காதுக்குத் துணி கட்டுங்க, குளிருது. என்னைவிடப் பத்துப் பன்னிரண்டு வயது சின்னவள்.

நான் சொன்னதுதான் நடந்தது. சோளம் பூ எடுக்கும் முன்பே கொடி ஏறி, ஒரு காற்று மழையில் பாத்தி முழுக்கப் படுத்துவிட்டது. சிலதை மண் அணைத்து நிமிர்த்தியிருக்கலாம். நான் வேலைக்குப் போயிருந்தபோது அவள் எல்லாவற்றையும் பிடுங்கி மூக்கன் வீட்டு மாட்டுக்குப் போட்டுவிட்டு, மூங்கில் குச்சி நட்டு, போஞ்சியை மட்டும் தூக்கி ஏற்றிவிட்டாள். மன்னிப்புக் கேட்டாள், இல்லை என்று சொல்லமாட்டேன். அழக்கூட அழுதாள். முதல் காயைக் கறிவைத்துக் கொண்டுவந்து கொடுத்தாள். நான் சாப்பிட்டேன். உப்புச் சரியாக இருந்தது.

போஞ்சி அப்படிக் காய்த்தது. தோட்டத்தை நடத்துகிற துரையைப் பார்க்க வந்த யாரோ அவளைக் கொடி நடுவில் நிற்கவைத்துப் படம் பிடித்தார்கள். கொஞ்ச நாளில் பொன்னையா கங்காணி என்னிடமே கேட்கிறார்: “என்னா வடிவு, சுதர்ஷினி தோட்டம் இந்தத் தடவ நல்லா இருக்கு போல?”

ஆமாம் என்றேன். வேறு என்ன சொல்வது? சண்டை போடுகிறவள் இல்லை நான். அன்றைக்கு இரவு எனக்குச் சோறு இறங்கவில்லை, அவ்வளவுதான்.

இனி துணி. எங்கள் மலையில் ஒரு வழக்கம் உண்டு. தேயிலைச் செடியில் குளவிக்கூட்டைக் கண்டவர்கள் ஒரு துணியைக் கிழித்து அந்தச் செடியின் உச்சியில் கட்டிவிட்டுப் போவார்கள். வாயால் சொல்லவேண்டியதில்லை. துணியைக் கண்டால் அந்த நிரையை விட்டுவிட்டு அடுத்த நிரைக்குப் போய்விடுவோம். துணி இல்லையென்றால் கண்ணை மூடிக்கொண்டு கையை விடுவோம். குனிந்து பார்த்துப் பார்த்துப் பறித்தால் கூடை எப்போது நிறைவது? அந்தத் துணியை யாரும் தொடமாட்டார்கள். சின்னப் பிள்ளைகூடத் தொடாது.

மருந்தடிக்கிற சுமன் ஒரு செடியில் கூட்டைக் கண்டு சிவப்புத் துணி கட்டிவிட்டு, அன்றைக்கே லீவில் வட்டவளைக்குப் போய்விட்டான். கொழுந்தைத் தராசில் நிறுத்துக் கொடுத்துவிட்டு நான் அந்தப் பக்கமாக விறகோடு வந்தேன். நல்ல மிருதுவான துணி. போஞ்சிக் கொடியைக் குச்சியோடு சேர்த்துக் கட்டக் கயிறு ஆகாது, தண்டை அறுத்துவிடும், பழந்துணிதான் வேண்டும். அதை நினைத்துத்தான் அவிழ்த்தேன். அவிழ்க்கும்போது மனதில் வேறொன்றும் இல்லை. கூடு எவ்வளவு பெரியது என்று ஒரு பார்வை பார்த்தேன். பெரியதுதான். துணியை சுதர்ஷினியிடம் கொடுத்தேன். “ஐயோ, எனக்காகக் கொண்டாந்தீங்களாக்கா?” என்று வாங்கிப் பாதியாய்க் கிழித்து, என் கண்முன்னாலேயே கொடியைக் கட்டினாள். நீங்கள் கண்டெடுத்தது அதைத்தான்.

மறுநாள் காலை ஆள் கணக்கெடுக்கிற பெரட்டு முடிந்து மலையில் நிரை பிரித்தபோது, கங்காணி அந்த நிரையை எனக்குத்தான் தந்தார். கடவுள் சாட்சியாக எனக்குத்தான் தந்தார். கூட்டுச் செடியில் துணி இல்லை, கவனமாகப் போங்கள் என்று நான் சொல்லியிருக்கலாம். சொன்னால், ஏன் அவிழ்த்தாய் என்ற கேள்வி வரும். அதனால் முழங்கால் வலிக்கிறது, சரிவில் இறங்க முடியாது என்றேன். சுதர்ஷினி நான் கேட்பதற்கு முன்பே, “நீங்க மேல நில்லுங்கக்கா, நான் எறங்குறேன்” என்றாள். என் முழங்காலில் எந்த வலியும் இல்லை. நான் வேண்டாம் என்று சொல்லவில்லை.

அந்தச் செடிக்கு அவள் எப்போது வருவாள் என்று எனக்குத் தெரியும். ஒரே வேகத்தில் பறிப்பவள். மேல் நிரையில் நின்று பார்த்துக்கொண்டிருந்தேன். கூப்பிட்டால் கேட்கிற தூரம்தான். ஒரு வார்த்தை போதும். இதைத்தானே நீங்கள் எழுத வேண்டும்? எழுதுங்கள். சண்முகவடிவு கூட்டைப் பார்த்தாள், துணியை அவிழ்த்தாள், அவளை அந்த நிரைக்கு அனுப்பினாள், வாயைத் திறக்கவில்லை. தெரிந்தே செய்தாள். கையெழுத்து எங்கே போடவேண்டும் என்று காட்டுங்கள், போடுகிறேன்.

அவள் மகள் சுலக்ஷனா இப்போது என்னிடம்தான் சாப்பிடுகிறது. பள்ளிக்கூடம் விட்டதும் நேரே இங்கேதான் வரும். பெத்த தாய்கூட இப்படிப் பார்க்கமாட்டாள் என்று லயத்தில் பேசிக்கொள்கிறார்கள். அது பொய்யில்லை, ஐயா. எனக்கு யார்மேலும் வன்மம் கிடையாது.

ஒன்றே ஒன்றுதான் இன்னும் மனதை அறுக்கிறது. குளவி கிளம்பியதும் அவள் சரிவில் ஓடியிருக்கலாம். ஓடவில்லை. முகமெல்லாம் மொய்த்துக்கொண்டிருக்க, மேலே என்னைப் பார்த்துத் திரும்பி நின்று கத்தினாள்: “வடிவக்கா, கீழ வராதீங்க! படங்க எடுத்துத் தலைல போத்திக்கிட்டு ஓடிருங்க!” இடுப்பில் கட்டியிருக்கிற படங்குச் சாக்கைத் தலையில் போர்த்திக்கொள்ள வேண்டும் என்று எனக்குத் தெரியாதா? பிறந்ததிலிருந்து இந்தத் தோட்டத்தில் இருக்கிறவள் நான். உயிர் போகிற நேரத்திலும் எனக்குப் புத்தி சொல்லாமல் அவளால் இருக்க முடியவில்லை, பாருங்கள்.