பட்டியலில் இல்லாத கோடு

வேலையில் சுத்தம் என்றால் எனக்கு உயிர். டீ டம்ளரைக்கூட நான்கு தடவை அலசுவேன். கூட வேலை செய்பவர்கள் அதற்கே கிண்டல் அடிப்பார்கள்.

அந்தக் குப்பியைப் பற்றிக் கேட்கிறீர்கள், சொல்கிறேன். குடிநீர்ப் பரிசோதனைக் கூடத்தில் மாஸ் ஸ்பெக்ட்ரோமீட்டர் என் பொறுப்பு. தண்ணீரில் இருக்கும் மூலக்கூறுகளுக்கு எதிர்மின்னூட்டம் ஏற்றி அது எடை பார்க்கும். ஒவ்வொரு எடைக்கும் திரையில் ஒரு கோடு எழும். மூன்று வருடத்துக்கு முன்பு, எந்தப் பட்டியலிலும் இல்லாத ஒரு கோட்டைப் பார்த்து ஊரைக் கூட்டிவிட்டேன். இரண்டு நாள் குடிநீரை நிறுத்தினார்கள். கடைசியில் அது இயந்திரத்தின் உள்குழாயிலிருந்து கசிந்த அழுக்கு. அன்றிலிருந்து என் பெயர் புரளி. அக்காகூட, "என்னடா புரளி, இன்னைக்குக் குடிக்கலாமா?" என்று கேட்டுவிட்டுத்தான் தண்ணீர் பிடிப்பாள். நானும் சிரித்துவைப்பேன்.

போன வருடம் எங்கள் பகுதிக்குக் குழாயில் வரும் கிணற்று நீரில் இன்னொரு புதுக் கோடு. அக்கா வீட்டுக்கும் என் வீட்டுக்கும் அந்தத் தண்ணீர்தான். உள்குழாயை மாற்றினேன், கோடு போகவில்லை. வேறு குடத்தில் பிடித்து வந்தேன், போகவில்லை. வாரத்துக்கு வாரம் உயர்ந்தது. மேலதிகாரி எட்டிப் பார்த்து, "மறுபடியும் ஆரம்பிச்சிட்டியா?" என்றார். அவ்வளவுதான் கேட்டார்.

தினமும் முதலில் சுத்த நீரை ஓட்டுவோம். அதில் தெரிவதெல்லாம் இயந்திரத்தின் அழுக்கு என்று எடுத்துக்கொண்டு, மற்ற மாதிரிகளிலிருந்து கணினி கழித்துவிடும். அன்று சுத்த நீர்க் குப்பியில் அந்தக் கிணற்று நீரையே ஊற்றினேன். கோடு மறைந்தது. திரை பார்க்க அவ்வளவு லட்சணமாக இருந்தது.

எட்டு மாதம் ஊற்றினேன். ஆறாவது மாதம் அக்கா மகளுக்குக் கண் மஞ்சளானது. ஆஸ்பத்திரி வராந்தாவில் அக்கா என் கையைப் பிடித்துக்கொண்டாள். "கேலி பண்ணலடா தம்பி, நிஜமா கேக்கறேன். தண்ணில ஏதாவது இருக்கா?"

"ஒண்ணும் இல்லக்கா. நானே பார்த்தேன்."

திரையில் ஒன்றும் இல்லைதானே. குழந்தையை அடக்கம் செய்த மறுநாளும் வேலைக்குப் போய்க் குப்பியை நிரப்பினேன். அந்தத் தெருவில் இன்னும் நான்கு பிள்ளைகள் படுத்துக் கிடக்கிறார்கள், பிழைப்பது கஷ்டம் என்கிறார்கள்.

நான் பொய் பேசுகிறவன் இல்லை. அந்த எட்டு மாதமும் என் வீட்டில் கேன் தண்ணீர்தான் வாங்கினோம். ஏன் என்று மனைவி கேட்டபோது, குழாய்த் தண்ணீர் கரிக்கிறது என்றேன். நான் சொன்ன பொய் அது ஒன்றுதான், அதையும் எழுதிக்கொள்ளுங்கள்.