நாலு கையெழுத்துப் போட்ட கடிதம்

உங்கள் நாற்காலி உயரம் குறைவு, சார். நாள் முழுக்க உட்கார்ந்து வாக்குமூலம் எழுதினால் முதுகு போய்விடும். தையல்காரி நான், எனக்குத் தெரியும்.

பக்கவாதம் வந்தபிறகு அப்பாவின் கட்டிலைத் தையல் மிஷினுக்குப் பக்கத்திலேயே போட்டிருந்தேன். ஓயாமல் கூப்பிடுவார். ஒருநாள் வெட்டிவைத்த துணிமேல் தண்ணீரைத் தட்டிவிட்டார். கையிலிருந்த இரும்பு ஸ்கேலால் ஒன்று வைத்தேன். அன்றைக்கு முழுக்க வாயே திறக்கவில்லை. அப்புறம் அதுவே பழக்கமாகிவிட்டது.

அவர் கை முறிந்தபோது ஆளாளுக்கு விசாரித்தார்கள். நர்ஸிடம் குளியலறையில் வழுக்கிவிட்டார் என்றேன். டாக்டரிடம் கட்டிலிலிருந்து உருண்டார் என்றேன். பக்கத்து வீட்டுக்காரி கோள்மூட்டியதால் வந்த போலீஸ்காரரிடம் கதவில் நசுங்கியது என்றேன். அவரவர் நம்பி, அவரவர் நோட்டில் எழுதிக்கொண்டு போனார்கள்.

முதியோர் நல அதிகாரியம்மாதான் மூவரையும் ஒரே மேஜையில் உட்காரவைத்தாராம். ஒரு கைக்கு மூன்று கதை என்றதும் குட்டு உடைந்தது. வீட்டுக்கு வந்து, என்னை வெளியே அனுப்பிவிட்டு அப்பாவிடம் பேசினார். கதவோரம் நின்று கேட்டேன்.

"யாருங்கய்யா அடிச்சது?"

"யாரும் அடிக்கல. எம் பொண்ணு தங்கம்."

எனக்குக் கண் கலங்கிவிட்டது.

ஆனாலும் நாலு பேரும் கூடி முடிவெடுத்துவிட்டார்கள். வெள்ளிக்கிழமை காலை பத்து மணிக்கு ஆம்புலன்ஸோடு வந்து அவரைக் காப்பகத்துக்கு அழைத்துப்போவதாக, நாலு கையெழுத்தோடு கடிதம் வந்தது. குடும்பத்துக்கு முன்கூட்டியே தெரிவிக்க வேண்டும் என்பது விதியாம். அந்தக் குடும்பம் நான் ஒருத்திதான் என்பதை நாலு பேரில் ஒருவரும் யோசிக்கவில்லை.

புதன்கிழமை மத்தியானம் அதை அப்பாவுக்குப் படித்துக் காட்டினேன். மறுப்பார் என்றுதான் நினைத்தேன்.

"நான் போறேம்மா," என்றார். "என்னை அனுப்பிடு."

இத்தனை வருஷம் பார்த்துக்கொண்டவளிடம் சொல்லும் வார்த்தையா அது? ஸ்கேல் வளையும்வரை அடித்தேன். பிறகும் முனகினார். தலையணையை முகத்தில் வைத்து அழுத்தினேன். நல்ல கால் மட்டும் கொஞ்ச நேரம் உதைத்தது. அப்புறம் போர்வையை மாற்றி, தலை வாரிவிட்டேன். வியாழக்கிழமை நான்கு ரவிக்கை தைத்து முடித்தேன்.

சொன்ன நேரத்துக்கு நாலு பேரும் வந்தார்கள். போர்வையை விலக்கிப் பார்த்த அதிகாரியம்மா அப்படியே தரையில் உட்கார்ந்து அழுதார். பாவமாக இருந்தது. தண்ணீர் கொண்டுவந்து கொடுத்தேன்.

"அழாதீங்க மேடம்," என்றேன். "கடைசி வரைக்கும் நான்தானே கூட இருந்து பாத்துக்கிட்டேன்."