பங்கஜவல்லி வீட்டு மருமக

ஆமா மேடம், பூட்டித்தான் வச்சிருக்கேன். இல்லன்னு நான் சொல்லவே இல்லயே. செத்த உக்காருங்க, ஃபேனப் போடுதேன். விருதுநகர்ல இருந்து இந்த வெயில்ல பஸ்ஸேறி வந்திருக்கிய. மாமியாக்காரிய ரூம்ல அடச்சுப் போட்டு வதைக்கான்னு ஒருத்தி போன் பண்ணிச் சொன்னா, சர்க்கார் உத்தியோகம் பாக்குற நீங்க வரத்தான செய்யணும். ஆருன்னு நீங்க சொல்ல வேண்டாம். பக்கத்து வீட்டு நூர்பானுதான். தளவாய்புரத்துல இருந்து இங்க குடிவந்து நாலு மாசம் ஆகல. நாள் பூரா நைட்டி தச்சுக்கிட்டுக் கெடப்பா. அவ வீட்ல டிவி கெடயாது. அதான் எங்க அத்த ஆருன்னு அவளுக்குத் தெரியல.

உங்களுக்குத் தெரியும். பங்கஜவல்லி! இம்புட்டுப் பெரிய பொட்டு, இடுப்புல சாவிக்கொத்து, சாயங்காலமானா டிவியில வந்து மருமகள வறுத்தெடுப்பாவள்ல? பாத்தியளா, உங்க முகமே மாறிட்டு. அவியதான் மேடம் உள்ள இருக்கது.

நெசப்பேரு வெள்ளத்தாய். சேத்தூர்ல பொறந்தவிய. பாவாட கட்டுற வயசுலயே மேடை ஏறிட்டாவ. கோயில் கொடைக்கு விடிய விடிய நாடகம் போடுவாங்கள்ல, ஸ்ரீவில்லிபுத்தூர்ப் பக்கம் எந்த ஊருன்னாலும் அவியள வச்சுத்தான் நோட்டீசு. பிள்ளயப் பறிகுடுத்த ராணி வேஷம் கட்டி அழுதாவன்னா, கீழ உக்காந்திருக்கவளுக மாரடிச்சு அழுவாளுகளாம். பொறவு மெட்ராஸ்ல சபா நாடகம். டிவி வந்ததும் அங்கயும் போனாவ. எங்க போனாலும் அழுற அம்மா வேஷந்தான், எவனும் திரும்பிப் பாக்கல. தல நரச்ச பொறவு இந்தக் கொடுமக்கார மாமியா வேஷம் கெடச்சுது. ஊரு உலகம் பூரா பேராப் போச்சு.

அந்த நேரம் பாத்துத்தான் என்னய இவிய மவனுக்குக் கட்டிக் குடுத்தாங்க. சோழபுரத்துல எங்க சின்னம்மா கல்யாணப் பந்தல்லயே மூக்கச் சிந்துதா, இந்த ராட்சசிகிட்டயா பிள்ளயத் தள்ளுதோம்னு. இங்க ராஜபாளையத்துல வந்து எறங்குனா தெருவே வாசல்ல நிக்கி. அம்புட்டுப் பேரு கண்ணுலயும் பாவம்னு எழுதியிருக்கு. பஸ்ல எனக்கு எந்திரிச்சு எடம் குடுப்பாளுக. ஸ்ரீவில்லிபுத்தூர் பஸ்ஸ்டாண்டுல முன்னப்பின்ன தெரியாதவ பால்கோவாவ எங்கையில திணிச்சு, தின்னு தாயி, வீட்ல ஒனக்கு என்னத்தப் போடுதாளோன்னு அழுதுட்டா. நான் என்ன செய்ய? தின்னேன். நல்லாத்தான் இருந்துச்சு.

கொடுமயா? சொல்லுதேன். தோசக்கரண்டியப் பழுக்கக் காய வச்சு, இந்தா இந்த முழங்கைக்கு மேல இழுத்துட்டாவ. ஆமா மேடம். தெருவுல எல்லாருக்கும் தெரியும், கேட்டுப் பாருங்க.

ஊரே ஏசுனா அவியளுக்கு வெக்கமா இருக்காதான்னா? நல்லாக் கேட்டிய. ஆடிப்பூரத் தேருக்குப் போயிருந்தோம். ஒருத்தி தெருமண்ண அள்ளி அவிய மூஞ்சியில தூத்திட்டா, நீ நாசமாப் போயிருவன்னு. அவிய அந்த மண்ணத் தட்டக்கூட இல்ல. அப்படியே வீடு வந்து மவன்கிட்டக் காட்டிச் சிரிக்காவ. ஏலே, எம்புட்டு மால வாங்கிருக்கேன், இதுமாதிரி ஒண்ணு வாங்குனதில்லலேன்னு. கிறுக்கச்சி.

எம் வீட்டுக்காரர் போன வருசம் நெஞ்சுவலில போயிட்டாரு. ஒத்தப் பிள்ள. பொணத்து மேல விழுந்து அவிய அழுத அழுக இருக்கே, எனக்கே பாக்கப் பொறுக்கல. எதுத்த வீட்டு இசக்கியம்மா எங்காதுல வந்து சொல்லுதா, எப்படி நடிக்கா பாருட்டின்னு. சுத்தி இருந்தவளுக முந்தானய வாயில வச்சுச் சிரிப்ப அடக்குதாளுக. நானும் ஆமான்னு தலய ஆட்டுனேன். அன்னைக்குத்தான் எனக்குப் பிடிபட்டுச்சு, இனி இந்தக் கெழவி என்ன கத்துனாலும் ஒரு ஈ காக்கா திரும்பிப் பாக்காதுன்னு.

சத்தம் கேக்கோ? அவியதான். தண்ணி கேக்காவ. சீரியல் கடைசிப் பாகத்துல ஜெயிலுக்குள்ள கெடந்து தண்ணி தண்ணின்னு கத்துவாவளே, நாபகம் இருக்கா? அதே கொரல். அன்னைக்கு எங்க தெருவுல வெடி போட்டாங்க மேடம். உங்க வீட்டுலயும் கைதட்டுனியளா? உங்க அம்மாவா? அது சரி.

சோறா? போடுதேன், நெனப்பு வாரப்ப.

தழும்பா? பாருங்க, நல்லாப் பாருங்க. ஒண்ணும் இருக்காது. சூடு வச்சது சீரியல்ல மருமகளா நடிச்ச பிள்ளைக்கில்லா. நீங்களுந்தான பாத்திய? எங்க அத்த என்னய ஒரு நாளும் ஏட்டின்னு கூப்பிட்டதில்ல. பிள்ளதான் தங்கல, எம் பேறுகாலத்துக்கு சூட்டிங்க விட்டுட்டு ஓடி வந்து, வெந்நி போட்டு ஊத்தி, பத்தியம் வடிச்சு ஊட்டுனதே அவியதான். மொதல்ல நான் வாயத் தொறந்து பொய் சொல்லல மேடம். கேட்டா தலயக் குனிஞ்சுக்குவேன். மிச்சத்த அவளுகளே சொல்லிக்கிட்டாளுக.

மவன் செத்த பொறவு அவியளுக்கு இது தாங்கல. ஆத்தா, நான் ஒன்ன ஒண்ணுஞ் செய்யலன்னு இவளுககிட்ட ஒரு வார்த்த சொல்லிருன்னு எங்காலப் பிடிச்சாவ. நான் சொல்லல. அவியளே வீடு வீடாப் போயிச் சொன்னாவ. எவளும் நம்பல. நூர்பானு நம்பிட்டா. அன்னைக்குத்தான் பூட்டு வாங்குனேன். இந்தத் தெருவுல எனக்குன்னு இருக்கதே இவளுக எம்மேல படுற பாவந்தான், அதயும் இந்தக் கெழவிக்காக விட்டுக் குடுக்கணுமாக்கும்?

இந்தாங்க, சாவி. என் இடுப்புலதான் கெடந்துச்சு. நீங்களே தொறந்து பாருங்க. உங்க காலக் கட்டிக்கிட்டு அழுவாவ. நேத்துல இருந்து பச்சத்தண்ணி பல்லுல படல, இன்னைக்கு நல்லாவே அழுவாவ. பாத்துட்டு நீங்களே சொல்லுங்க, நெசமா நடிப்பான்னு.

என்ன மேடம், கைய நீட்ட மாட்டேங்கிய? பிடிங்க சாவிய.