உட்கார்ந்தபடியே ஏறும் பாலம்

“ப்ளக்கு மேல மட்டும் பழி போடாதீங்கோம்மா. நாலு தரம் கழட்டியாச்சு. உப்புத்தாள் போட்டுத் தேய்ச்சு, ஊதி, வெயில்ல வெச்சு எடுத்து… இதோ, என் மூஞ்சியே தெரியறது பாருங்கோ. இதுக்கப்புறமும் பத்திக்கலைன்னா அது ப்ளக்கோட தப்பா?”

பிரபா ப்ளக்கின் மேல் எந்தப் பழியும் போடவில்லை. அலிப்பூர் ஆபீசுக்குப் புறப்பட்டுக் கைப்பையும் சாப்பாட்டுப் பையுமாக மாடியிறங்கி வந்தவள் அவள். கரூரிலிருந்து வங்காளத்துக்கு மாற்றலாகி இந்தக் கட்டடத்தில் குடியேறி மூன்றே வாரம். மாடிப்படி முடிந்து வாசல் கதவு தொடங்கும் இரண்டு முழச் சந்தில், முதல் மாடி லக்ஷ்மிநாராயணனின் மோட்டார் வைத்த சைக்கிள் குறுக்கே நின்றது. சைக்கிளுக்கு அப்பால் டாக்குரியாவின் தெரு, இப்பால் அவள். நடுவில், குரங்குக் குல்லாயும் கையில் ஸ்பானருமாக அவர்.

அவள் வாயைத் திறந்தாள்.

“பெட்ரோலான்னு கேக்கறேளா?” என்று அவளுக்காக அவரே கேட்டுக்கொண்டு, அதற்குப் பதிலும் சொல்லத் தொடங்கினார்.

பெட்ரோலும் நிரபராதியாம். டூ ஸ்ட்ரோக் என்ஜினுக்குப் பெட்ரோலோடு எண்ணெயும் கலக்க வேண்டும். கலவை ஒரு மூடி கூடினால் புகை, குறைந்தால் சூடு. அவரோ மனைவி காமுவின் இருமல் மருந்து மூடியைக் கொண்டு சொட்டுக் கணக்காக அளந்து கலக்கியிருக்கிறார். மூடியைக் காணோம் என்று வீட்டில் நான்கு நாளாகத் தேடல் நடக்கிறது. அது வேறு விஷயம். கார்புரேட்டரைப் பிரித்துப் பல் துலக்கும் பிரஷ்ஷால் தேய்த்துச் சேர்த்தாயிற்று. யாருடைய பிரஷ் என்பதை மட்டும் குரலைத் தாழ்த்திச் சொன்னார். பிரபாவுக்கு அது சரியாகக் கேட்கவில்லை. கேட்காதது நல்லது.

சித்திரையில் என்ஜின் வைத்த வண்டி. பெடலை நாலு மிதி மிதித்து க்ளட்சை விட்டால் சட்டென்று பிடித்துக்கொள்ளும். துர்கா பூஜை வரைக்கும் ராஜா போல ஓடிற்று. மார்கழி பிறந்ததோ இல்லையோ, மௌன விரதம். மனிதன்கூடக் குளிரில் இருமுவான், தும்முவான். இது அதைக்கூடச் செய்வதில்லை என்று குறைப்பட்டுக்கொண்டார்.

பிரபா கைக்கடிகாரத்தைப் பார்த்தாள். அவரும் எட்டிப் பார்த்தார். ஒன்பதேகால்.

பத்து மணிக்குப் பழைய இரும்புக்காரன் வருகிறான். காமுவே அவனைக் கூப்பிட்டுச் சொல்லி வைத்திருக்கிறாள். அதற்குள் ஓடினால் வண்டி, ஓடாவிட்டால் இரும்பு. நாற்பத்தாறு வருஷ தாம்பத்தியத்தில் காமு ஒரு சொல்லையும் திரும்ப வாங்கிக்கொண்டதில்லை.

“போனாப் போறது, பழைய இரும்புதானேன்னு நீங்கோ நெனைக்கலாம். இந்தப் பாலம் இருக்கே, பாலம்…”

அதைச் சொல்லும்போது ஸ்பானர் தானாகவே தெற்கிலிருந்து வடக்காக ஒரு வளைவு வரைந்தது. டாக்குரியாப் பாலம். அதற்கு அந்தப் பக்கத்தில்தான் லேக் மார்க்கெட்டும் காப்பிப்பொடியும், தமிழில் சண்டை போட அவருக்கு மிச்சமிருக்கும் ஒரே சிநேகிதரான சிவராமும். எழுபத்திரண்டு வயது முழங்கால் பாலத்தின் பாதியில் நின்றுவிடும். இறங்கித் தள்ளிக்கொண்டு போக வேண்டும். தள்ளுகிறவரைப் பார்த்து ரிக்‌ஷாக்காரன் முதற்கொண்டு இரக்கப்படுவான். பஸ்ஸின் படிக்கட்டு முழங்காலுக்கு ஆகாது. ஆட்டோவில் ஐந்து பேரில் ஒருவராக நெரிந்து போனால் அது சவாரி இல்லை, பார்சல். என்ஜின் வைத்த அன்றுதான் அவர் முதன்முதலாக அந்தப் பாலத்தை உட்கார்ந்தபடியே ஏறினார். கீழே ரயில் போயிற்று. ஒரு மிதிகூட மிதிக்கவில்லை.

“மிதிக்கவே இல்லேம்மா. காலைத் தொங்கப் போட்டுண்டு போனேன். வண்டி போச்சுன்னா நான் பாலத்துக்கு இந்தப் பக்கத்து மனுஷன். அவ்வளவுதான்.”

பிரபா குறுக்கே ஒரு வார்த்தை சொல்வதற்குள் அவர் பேச்சில் ஹவுராவுக்குப் போய்விட்டார்.

ஹவுராவில்தான் பட்டறை வைத்திருக்கிறான் கானாய் மிஸ்திரி. என்ஜினைப் பொருத்தியவன் அவன். நேரில் வரமாட்டான். போனில் பேசுவான், அதுவும் ஊரில் உள்ள சுத்தியல் சத்தத்தையெல்லாம் பக்கத்தில் வைத்துக்கொண்டு. ஆனால் கேட்பவர் யார்? டாக்குரியாவிலேயே பிறந்து, தெருவில் எல்லோருக்கும் ‘லொக்கி-தா’, அதாவது லொக்கி அண்ணன், ஆகிவிட்டவர். அவருடைய வங்காளியைக் கேட்டுவிட்டு எந்த ஜில்லா என்று கேட்பவர்கள் உண்டு. நீங்கோ மூணு வாரத்து மனுஷி, உங்களுக்கு அந்த பாஷையோட சூட்சுமம் பிடிபட நாளாகும் என்று பிரபாவுக்கு ஆறுதல் சொல்லிவிட்டு, கானாய் சொன்னதை எழுத்துப் பிசகாமல் அவன் குரலிலேயே ஒப்பித்தார்.

“‘சோக் பொந்தோ கொரே ஸ்டார்ட் தின்.’ அதாவது, கண்ணை மூடிண்டு ஸ்டார்ட் பண்ணுங்கோங்கறான். நம்ம பக்கத்துலயும் சொல்லுவாளோன்னோ, கண்ணை மூடிண்டு வாங்கலாம், கண்ணை மூடிண்டு கையெழுத்துப் போடலாம்னு? அந்த மாதிரி, பயப்படாம பண்ணுங்கறான்னுதான் நானும் நெனைச்சேன்.”

பயப்படாமல் மிதித்துப் பார்த்தார். ஓடவில்லை. மறுபடியும் போன். நிஜமாகவே மூட வேண்டுமா என்று கேட்டார். பின்னே, என்றான் கானாய். பாதி மூடினால் போதுமா என்று கேட்டார். பூரோ பொந்தோ என்றான், முழுக்க மூடணும். ஸ்டார்ட் ஆனதும் மெதுமெதுவாகத் திறக்க வேண்டும், சடாரென்று திறந்தால் நின்றுவிடும் என்றும் எச்சரித்தான். இவ்வளவு தெளிவாகச் சொன்ன பிறகு ஒருவர் என்ன செய்வார்?

முதல் நாள் கண்ணை மூடிக்கொண்டு மிதித்ததில் டீக்கடை பெஞ்சு. இரண்டாம் நாள், சேன்குப்தா வீட்டு டாலியாப் பூந்தொட்டிகள் மூன்று. முந்தாநாள் மீன்காரியின் கூடை. கூடையில் இருந்தது பொடி மீன். அதனால் அது எங்கும் போகும். சட்டைப் பைக்குள் நாலு, குல்லாய்க்குள் ஒன்று. எதிர்ப்பட்ட ஒரு காலேஜ் பெண் மிதித்துவிடாமல் தாண்டிப் போனாள். காமு அவரை வீட்டுக்குள் விடாமல் கீழ்க்குழாயடியிலேயே, ஜனவரித் தண்ணீரில், மூன்று வாளி ஊற்றினாள். நான்காவது வாளியை நிரப்பும்போதுதான் பழைய இரும்புக்காரன் தெருவில் கூவிக்கொண்டு போனான்.

“இவ்வளவுக்கும் நான் ஒரு தரம்கூடத் திருட்டுத்தனமா கண்ணைத் திறக்கலைம்மா. சாமி சத்தியமா… அதைத் தொடாதீங்கோ, அது சும்மா அலங்காரத்துக்கு…”

பிரபா சாப்பாட்டுப் பையைப் படியில் வைத்துவிட்டுக் குனிந்திருந்தாள். கார்புரேட்டரின் ஓரத்தில் நாக்கு நீட்டிக்கொண்டிருந்த ஒரு சின்ன நெம்புகோலை விரலால் தள்ளினாள். கரூரில் பதினாறு வருஷம் மொபெட் ஓட்டியவள். குளிர்காலக் காலைகளில் காற்றை அடைத்து என்ஜினைக் கிளப்ப அவள் கை யோசிக்காமலே செய்கிற வேலை அது. அவருடைய வங்காளி வாக்கியத்தில் அவளுக்குப் புரிந்தவை இரண்டே சொற்கள்தாம். ஒன்று ஸ்டார்ட். மற்றதைத்தான் இப்போது, நெம்புகோலைத் தொட்டுக்காட்டி, அவரிடம் சொன்னாள்: சோக்.

லக்ஷ்மிநாராயணன் அந்த நாக்கைப் பார்த்தார். அவளைப் பார்த்தார். மாடிப்படியில் யாரோ இறங்கி வந்து, வழி இல்லாததைக் கண்டு, திரும்ப ஏறிப்போனார்கள்.

“சோக்குங்கறது ட்யூப்லைட்டுலன்னா இருக்கும்?”

பிரபா மறுபடியும் நெம்புகோலைத் தட்டிக் காட்டினாள்.

“வங்காளிக்குக் கண்ணுன்னா ‘சோக்’குக்குக் கடைசீல ஒரு மூச்சு விடணும். துளி மூச்சு. அவன் விடலை. கானாய் ஒழுங்காத்தான் சொல்லியிருக்கான், கட்டேல போறவன். அவன் விடாத மூச்சை நான்னா சேத்துண்டேன்… இலக்கணம் தெரிஞ்சவன்னு…”

சிரிப்பு அவருக்கு வயிற்றிலிருந்து புறப்பட்டு, குல்லாயின் குஞ்சலம் வரைக்கும் போய்க் குலுக்கிற்று. சிரித்துக்கொண்டே வண்டியைத் தெருவில் இறக்கினார். பெடலை மிதித்தார், நாலாவது மிதியில் க்ளட்சை விட்டார். என்ஜின் ஒரு முறை செருமிற்று. பிறகு பிடித்துக்கொண்டது. நீலப் புகை சந்து முழுக்க எழும்பி, அதற்குள்ளிருந்து அவர் குரல் எதையோ விவரித்துக்கொண்டே போயிற்று. சத்தத்தில் ஒன்றும் விளங்கவில்லை. தெருமுனையில் நெம்புகோலை, கானாய் சொன்னபடி, ஆஸ்தே ஆஸ்தே, மெதுமெதுவாகத் திறந்தார். வண்டி நிற்கவில்லை.

பாலத்தின் ஏற்றத்தில், பால் கேன் கட்டிய சைக்கிளைத் தள்ளிக்கொண்டு போன ஒருவனைக் கடந்தார். கால்கள் தொங்கின. உச்சியில் காற்று குளிராக முகத்தில் அறைந்தது. கீழே லோக்கல் ரயில் கனத்த சங்கிலியை இழுப்பதுபோல ஊர்ந்தது. அந்த முப்பது கஜ தூரம் மட்டும் லக்ஷ்மிநாராயணன் ஒரு வார்த்தையும் பேசவில்லை. அந்தப் பக்கத்துக் கோல்பார்க் ரவுண்டானாவைச் சுற்றிக்கொண்டு அதே பாலத்தை மறுபடியும் ஏறி வந்தார்.

இதை யாரிடமாவது சொல்லியாக வேண்டும் அவருக்கு. வாசலுக்கு வந்தபோது படியில் சாப்பாட்டுப் பை இல்லை, பிரபாவும் இல்லை. தள்ளுவண்டியின் கைப்பிடியில் சாய்ந்து, தராசோடு பழைய இரும்புக்காரன் நின்றுகொண்டிருந்தான். பால்கனியில் காமு. வண்டி ஓடி வந்து நிற்பதைப் பார்த்தாள். பார்த்துவிட்டு, போகலாம் என்று அவனிடம் கையைக் காட்டினாள்.

அவனால் போக முடியவில்லை. லக்ஷ்மிநாராயணன் சீட்டை விட்டு இறங்காமல், என்ஜினையும் அணைக்காமல், அவனுடைய தள்ளுவண்டிக்குக் குறுக்கே சைக்கிளை நிறுத்தியிருந்தார். காமுவுக்கும் கேட்கட்டும் என்று முதலில் உரத்த தமிழில் ஆரம்பித்தார்.

“பாலத்தை எவன்யா இவ்வளவு குட்டையாக் கட்டினான்? நன்னா உக்காந்து ஏற ஆரம்பிக்கறதுக்குள்ள முடிஞ்சுபோயிடறது!”

பிறகு, அவனுக்குப் புரியும்படி, அதையே வங்காளியில் விரிவாகச் சொல்லத் தொடங்கினார்.